கத்தரிக்காய்: விலக்கச் சொன்னதும் சேர்க்கச் சொன்னதும்

கேள்வி இது: அம்மாவுக்குத் தோல் அரிப்பு வந்தபோது சித்த மருத்துவர் கத்தரிக்காயைத் தொடவே கூடாது என்றார். அதே மருத்துவர் அப்பாவுக்கு எழுதிக் கொடுத்த பத்தியச் சீட்டில் "கத்தரிப் பிஞ்சு சேர்க்கலாம்" என்று இருக்கிறது. இது எப்படி? தவிர, சந்தையில் வெள்ளை, பச்சை, ஊதா, வரி போட்டது, முள் வைத்தது என்று குவித்து வைத்திருக்கிறார்களே, எதை எதற்கு வாங்குவது? கத்தரிக்காயில் உண்மையிலேயே மருந்துக் குணம் உண்டா?

மருத்துவர் சொன்ன இரண்டும் சரிதான். கத்தரிக்காயைப் பற்றிய எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லுமுன் இரண்டு விஷயம் கேட்டுக்கொள்ள வேண்டும்: பிஞ்சா முற்றலா, எந்த ரகம்? சுவை, காறல், எண்ணெய் குடிப்பது, உடம்புக்கு ஒத்துக்கொள்வது எல்லாமே பெரும்பாலும் இந்த இரண்டில்தான் இருக்கின்றன. நான் வேலூர் மாவட்டம் அணைக்கட்டுப் பக்கம் கத்தரி போட்டுப் பிழைத்த குடும்பத்தில் பிறந்தவன். இன்றைக்கும் கத்தரி இல்லாத வாரம் எங்கள் வீட்டில் கிடையாது. அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் பிஞ்சு. நாற்று நட்டு ஐம்பத்தைந்து, அறுபது நாளில் முதல் பறிப்பு வரும். அதன் பிறகு நாலைந்து நாளைக்கு ஒரு முறை பறித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு பறிப்பைத் தவறவிட்டால் போதும், காய் முற்றிவிடும். பிஞ்சை நறுக்கிப் பார்த்தால் விதை வெள்ளையாக, இருக்கிறதா இல்லையா என்று தெரியாதபடி சதையோடு சதையாக இருக்கும். முற்ற முற்ற விதை பழுப்பாகிக் கடினமாகும். விதையைச் சுற்றியுள்ள சதையில் கசப்பும் காறலும் ஏறும். தோலின் பளபளப்பு மங்கும். அதற்கும் மேல் விட்டால் மஞ்சளாகப் பழுத்துவிடும், அது விதைக்குத்தான் ஆகும். கத்தரி, தக்காளி, உருளை எல்லாம் ஒரே குடும்பம். இந்தக் குடும்பத்துச் செடிகள் பூச்சியிடமிருந்து தங்களைக் காத்துக்கொள்ள சொலாசோனின், சொலாமார்ஜின் போன்ற கசப்பான பொருள்களைச் செய்துகொள்கின்றன. தொண்டையில் காறுவதற்கு அவையும் ஒரு காரணம். நாம் சமைக்கும் பிஞ்சில் அவை உடம்பைக் கெடுக்கும் அளவுக்கு இருப்பதில்லை. இலையிலும் தண்டிலும் அதிகம் உண்டு, அதனால் கத்தரி இலையைக் கீரைபோல் யாரும் சமைப்பதில்லை, சமைக்கவும் கூடாது.

சித்த மருத்துவத்தில் பத்தியத்துக்குச் சொல்லும் காய்களைக் கவனித்துப் பாருங்கள். அவரைப் பிஞ்சு, முருங்கைப் பிஞ்சு, கத்தரிப் பிஞ்சு, அத்திப் பிஞ்சு. எல்லாமே பிஞ்சு. அதே மருத்துவம் முற்றிய கத்தரிக்காயைக் கரப்பான் பண்டம் என்று ஒதுக்கி வைக்கிறது. சொறி, சிரங்கு, கரப்பான் இருப்பவர்களுக்கு ஆகாது என்று பொருள். அம்மாவுக்கு மறுத்ததும் அப்பாவுக்கு அனுமதித்ததும் அந்தக் கணக்கில்தான்.

அரிப்பு வெறும் நம்பிக்கை என்று சிலர் தள்ளிவிடுகிறார்கள், அது தவறு. மைசூரில் 741 பேரிடம் இதைக் கேட்டும் சோதித்தும் பார்த்து 2008-இல் ஓர் ஆய்வு வெளியானது. கத்தரிக்காய் சாப்பிட்டால் ஏதாவது தொந்தரவு வருகிறது என்றவர்கள் நூற்றுக்கு ஒன்பது பேர். சோதனை செய்து பார்த்ததில், உடம்பின் எதிர்ப்பு மண்டலமே கத்தரிக்காயை எதிரியாகப் பார்க்கும் உண்மையான ஒவ்வாமை நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு. மற்றவர்களுக்கு வேறு காரணம் இருக்க வேண்டும். கத்தரிக்காயிலேயே ஹிஸ்டமின் இருக்கிறது. நம் உடம்பில் அரிப்பையும் தடிப்பையும் உண்டாக்குவதும் ஹிஸ்டமின்தான். ஏற்கெனவே தோல் நமைச்சலோடு இருப்பவருக்கு அது கூடுதல் சுமை. "நன்றாக வேகவைத்தால் போய்விடும்" என்று சொல்வார்கள். ஹிஸ்டமின் சூட்டுக்கு அசையாது. ஒத்துக்கொள்ளாதவர்கள் விலக்குவதுதான் வழி. நாக்கு லேசாகக் குறுகுறுப்பது ஒரு ரகம், உதடு வீங்குவது, தொண்டை அடைப்பது, மூச்சு இரைப்பது வேறு ரகம். இரண்டாவது வந்தால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் நேராக மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

அடுத்தது மருந்துக் குணம். இதில் உள்ளதை உள்ளபடி சொல்கிறேன். நூறு கிராம் கத்தரிக்காயில் தொண்ணூற்றிரண்டு கிராம் தண்ணீர். மிச்சத்தில் மூன்று கிராம் நார், 25 கலோரி, 230 மில்லிகிராம் அளவுக்குப் பொட்டாசியம். வயிறு நிறையும், சர்க்கரை அதிகம் ஏறாது, மலச்சிக்கலுக்கு நல்லது. சர்க்கரை நோய் உள்ளவர்கள் தாராளமாகச் சாப்பிடலாம் என்பதற்கு இந்தக் கணக்கே போதும். ஊதாத் தோலில் ஆந்தோசயனின் உண்டு. நாவல் பழத்துக்கும் அந்த வகைச் சாயம்தான் நிறம் கொடுக்கிறது. சதையில் குளோரோஜெனிக் அமிலம் நிறைய, காபிக் கொட்டையில் இருக்கும் அதே பொருள். நறுக்கிய கத்தரி சற்று நேரத்தில் கறுத்துப்போவது இந்த அமிலம் காற்றுபட்டு மாறுவதால்தான். இரும்பு அரிவாள்மனையில் அரிந்தால் இன்னும் சீக்கிரம் கறுக்கும். அதனால்தான் நறுக்க நறுக்கத் தண்ணீரில் போடுவது. அரிசி களைந்த நீரிலோ கொஞ்சம் மோர் கலந்த நீரிலோ போட்டால் இன்னும் நல்லது.

இவையெல்லாம் நல்ல காய் என்பதற்குச் சான்று. கொழுப்பைக் கரைக்கும் மருந்து என்பதற்குச் சான்று ஆகாது. கத்தரிக்காயை நறுக்கி இரவு முழுக்க ஊறவைத்த தண்ணீரைக் காலையில் குடித்தால் கொலஸ்ட்ரால் இறங்கும் என்று கைபேசியில் சுற்றும் செய்தி உங்களுக்கும் வந்திருக்கும். பிரேசில் நாட்டில் இந்தப் பழக்கம் பல வருடமாகவே உண்டு, அங்குள்ள மருத்துவர்கள் அதைச் சோதித்தும் பார்த்தார்கள். கத்தரிப் பொடிக் கஷாயத்தில் கிடைத்த பலன் சொற்பம், அதுவும் நிலைக்கவில்லை. ஆரஞ்சுச் சாற்றோடு கத்தரியை அரைத்துக் குடித்தவர்களை மாத்திரை சாப்பிட்டவர்களோடு ஒப்பிட்டபோது, மாத்திரைக்குக் கிடைத்த பலன் அதில் கிடைக்கவில்லை. கொலஸ்ட்ரால் மாத்திரையை நிறுத்திவிட்டுக் கத்தரித் தண்ணீரை நம்பாதீர்கள். எனக்குத் தெரிந்தவர்களே அப்படிச் செய்திருக்கிறார்கள், அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

சிறுநீரகக் கல் பயமும் பலருக்கு உண்டு. கத்தரி விதையும் தக்காளி விதையும் உள்ளே போய்க் கல்லாவதில்லை. கல் பெரும்பாலும் ஆக்சலேட் உப்பால் ஆவது, அது பசலைக்கீரையில் கத்தரியைவிட மிக அதிகம். ஆனால் சிறுநீரகம் பழுதாகிப் பொட்டாசியத்தைக் குறைக்கச் சொல்லியிருந்தால் அளவை உங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

நம் மருத்துவம் கத்தரிக் குடும்பத்தில் மருந்து என்று எடுத்துக்கொண்டது பெரும்பாலும் கத்தரியின் உறவுக்காரர்களைத்தான். தரையோடு படர்ந்து, உடம்பெல்லாம் முள்ளாக, ஊதாப் பூவும் மஞ்சள் பழமுமாகத் தரிசில் கிடக்குமே கண்டங்கத்தரி, அதன் வேர் தசமூலம் என்னும் பத்து வேர் மருந்தில் ஒன்று. சளி, இருமல், இரைப்பு என்றால் சித்தத்திலும் ஆயுர்வேதத்திலும் முதலில் நினைவுக்கு வரும் மூலிகைகளில் அதுவும் உண்டு. தூதுவளை, மணத்தக்காளி, சுண்டை மூன்றும் அதே இனம். தூதுவளை ரசம் நெஞ்சுச் சளிக்கு, மணத்தக்காளி வாய்ப்புண்ணுக்கு, சுண்டை வற்றல் வயிற்றுக்கு. நம் வீட்டுக் கைவைத்தியத்தில் பாதி இந்தக் குடும்பம்தான். பெயர் ஒன்றுபோல் இருக்கிறதே என்று வேலியோரம் கிடக்கும் கண்டங்கத்தரிக் காயைப் பறித்துக் குழம்பில் போட்டுவிடாதீர்கள். அது தெரிந்தவர் பக்குவப்படுத்திக் கொடுக்க வேண்டிய மருந்து.

சுண்டைக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. கத்தரிச் செடிக்கு வாடல் நோயும் வேரில் நூற்புழுவும் பெரிய தொல்லை. சுண்டைச் செடியின் வேர் இரண்டையும் தாங்கும். அதனால் சுண்டை நாற்றின் அடித்தண்டில் கத்தரியின் மேல்தண்டை ஒட்டுக்கட்டி நடுகிறார்கள். வேர் சுண்டை, காய் கத்தரி. செடியும் கூடுதல் நாள் நின்று காய்க்கிறது.

சரி, ரகங்களுக்கு வருவோம். என் ஊர்ப் பாசம் என்று நினைத்தாலும் பரவாயில்லை, முதலில் முள்ளுக் கத்தரிதான். இலவம்பாடி முள்ளுக் கத்தரி என்று நாங்கள் சொல்வதற்கு வேலூர் முள்ளுக் கத்தரி என்ற பெயரில் 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. செடி, இலை, காம்பு, காயின் தலையில் இருக்கும் பச்சைத் தொப்பி எல்லாவற்றிலும் முள். விடியற்காலையில் பறிக்கப் போகும்போது அம்மா பழைய வேட்டித் துணியை இரண்டாகக் கிழித்து விரல்களில் சுற்றிக்கொள்வார். அப்படியும் திரும்பி வரும்போது மணிக்கட்டில் கோடு கோடாகக் கீறல் இருக்கும். இவ்வளவு பட்டும் ஏன் இதையே போட்டோம் என்றால் சதைக்காகத்தான். விதை குறைவு, சதை கெட்டி. குழம்பில் கொதித்தாலும் கரைந்து போகாமல் உருவத்தோடு இருக்கும், வாயில் போட்டால் வெண்ணெய் மாதிரி மசியும். ஆம்பூர் எங்களுக்குப் பக்கம்தான். பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ள அங்கே வைக்கும் புளிப்பான எண்ணெய்க் கத்தரிக்காய்க்கு இந்தக் காய் எப்படிப் பொருந்தும் என்பதை ஒரு முறை சாப்பிட்டவர்கள் மறக்க மாட்டார்கள்.

தெற்கே போனால் வெள்ளைக் கத்தரி. கிள்ளிகுளம் வேளாண் கல்லூரி வெளியிட்ட கேகேஎம் 1 ரகம் முட்டைபோல் வெள்ளை வெளேரென்று கொத்துக் கொத்தாகக் காய்க்கும். ஆங்கிலத்தில் இந்தக் காய்க்கு ஏன் முட்டைப் பெயர் வைத்தார்கள் என்பது அதைப் பார்த்தால் புரிந்துவிடும். அதைக் கூட்டுக்கும் சாம்பாருக்கும் வைத்துக்கொள்ளுங்கள், குழம்பின் நிறம் மாறாது. பச்சையில் வெள்ளை வரி ஓடிய வரிக்கத்தரி பொரியலுக்கும் கருவாட்டுக் குழம்புக்கும் நன்றாக இருக்கும். கர்நாடகத்தில் உடுப்பி அருகே மட்டு என்ற ஊரில் விளையும் பச்சை உருண்டைக் கத்தரி மட்டு குள்ளா, 2011-இல் புவிசார் குறியீடு பெற்றது. அதன் விதையை மத்வ மடத்தின் வாதிராஜர் கொடுத்தார் என்று அந்த ஊரார் சொல்வார்கள். கையளவு பெரிய கறுப்புக் கத்தரியை வடக்கே, சுட்டு மசித்துச் செய்யும் பர்த்தா என்ற கறிக்கு வைத்துக்கொள்கிறார்கள். நம் வீட்டிலும் சுடுவதற்கு அதுதான் சரி. நீள ஊதா வகை எண்ணெயை அதிகம் இழுக்கும், வறுவலுக்கு நான் அதை வாங்குவதில்லை.

கத்தரி நம் ஊரில் நேற்று முளைத்தது அல்ல. வழுதுணங்காய் என்பது பழைய பெயர். வரகரிசிச் சோறும் வழுதுணங்காய் வாட்டும் புளித்த மோரும் போட்ட புல்வேளூர்ப் பூதனை ஔவையார் வாழ்த்திய தனிப்பாடலைப் பலர் பள்ளியில் படித்திருப்பீர்கள். வாட்டு என்றால் நெருப்பில் வாட்டியது. எளிய சாப்பாடுதான், இன்றைக்கும் சுட்ட கத்தரிக்காய்க்கு நிகர் கிடையாது. குமரி மாவட்டத்தில் இப்போதும் வழுதலங்காய் என்பார்கள், மலையாளத்தில் வழுதனங்ஙா. இங்கிருந்து பாரசீகம், அரபு நாடுகள் வழியாக ஐரோப்பாவுக்குப் போன காய், போர்ச்சுகீசியரின் வாயில் பெரிஞ்ஜெலா ஆகி, நம் ஊர் ஆங்கிலத்தில் பிரிஞ்சால் என்று திரும்பி வந்து சேர்ந்தது.

வாங்கும்போது கையில் எடுத்துப் பாருங்கள். ஒரே அளவுள்ள இரண்டு காயில் எது லேசாக இருக்கிறதோ அதை எடுங்கள், கனத்தது விதை முற்றியது. காம்புத் தொப்பி பச்சையாகக் காயோடு ஒட்டியிருக்க வேண்டும். கத்தரிக்காய் முற்றினால் கடைத்தெருவுக்கு வந்துதானே ஆக வேண்டும் என்று பழமொழி சொல்கிறது. நல்ல விவசாயி முற்ற விடாமல்தான் கொண்டுவருவார். ஓட்டை இருக்கும் காயை எல்லோரும் ஒதுக்குவார்கள், ஆனால் ஓட்டை இல்லாததாலேயே புழு இல்லை என்று நம்பிவிட முடியாது. காய்த்துளைப்பான் புழு குஞ்சாக இருக்கும்போதே, பெரும்பாலும் தொப்பியின் அடியில், நுழைந்துவிடும். அந்தச் சிறு துளை தன்னால் அடைபட்டுவிடும். நாம் பார்க்கும் பெரிய ஓட்டை அது தின்று முடித்து வெளியேறிய வழி. அதனால் எந்தக் காயையும் நாலாக வகிர்ந்து பார்த்த பிறகே சட்டியில் போட வேண்டும்.

அந்தப் புழுவுக்காகத்தான் கத்தரியில் இவ்வளவு மருந்து அடிக்கிறார்கள். அதற்கு மாற்று என்று சொல்லித்தான் மரபணு மாற்றிய பி.டி. (Bt) கத்தரி வந்தது. 2009 அக்டோபரில் மத்திய அரசின் மரபணுப் பொறியியல் ஒப்புதல் குழு அதற்கு அனுமதி தந்தது. பல ஊர்களில் மக்களிடம் கருத்துக் கேட்ட பிறகு, அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் 2010 பிப்ரவரி 9 அன்று அதை நிறுத்தி வைத்தார். வங்கதேசத்தில் 2014 முதல் பயிராகிறது. நிறுத்தி வைத்ததை நான் வரவேற்றவன். ஊருக்கு ஒரு கத்தரி இருக்கும் நாட்டில் அந்த ரகங்கள் ஒன்றோடொன்று கலந்துபோகும் பயம் சின்னது அல்ல. ஆனால் மருந்தடிக்கும் கையின் கஷ்டத்தையும் பார்த்திருக்கிறேன். இனக்கவர்ச்சிப் பொறி வைப்பது, வாடிய நுனித் தண்டை உடனே கிள்ளி எரிப்பது இரண்டையும் ஒழுங்காகச் செய்தாலே தெளிப்பைக் குறைக்க முடியும். வீட்டில் நாம் செய்யக்கூடியது, நறுக்குவதற்கு முன்பே ஓடும் தண்ணீரில் தேய்த்துக் கழுவுவது.

சமையலில் எல்லோரும் கேட்பது எண்ணெயைப் பற்றி. கத்தரிச் சதை பஞ்சு மாதிரி, உள்ளே காற்றறைகள். துண்டு போட்டு எண்ணெயில் விட்டால் முதல் நிமிடத்திலேயே அத்தனையையும் உறிஞ்சிக்கொள்ளும். தோல் அப்படி உறிஞ்சாது. எண்ணெய்க் கத்தரிக்காய்க்குக் காம்போடு முழுசாக வைத்து அடியில் மட்டும் நாலாக வகிர்வதில் அழகும் இருக்கிறது, இந்த லாபமும் இருக்கிறது. துண்டாகத்தான் வேண்டும் என்றால் உப்புப் பிசறிக் கால் மணி நேரம் வைத்துப் பிழிந்துவிட்டுப் போடுங்கள், அல்லது ஆவியில் அரை வேக்காடு வேகவைத்துக்கொள்ளுங்கள். காற்றறை அமுங்கிவிட்டால் பாதி எண்ணெய் போதும். வறுக்கும்போது பொறுமையாக விட்டால் குடித்த எண்ணெயில் கொஞ்சத்தைக் கத்தரியே கடைசியில் கக்கிவிடும், அப்போது வடித்துக்கொள்ளலாம்.

சுடுவதற்குப் பெரிய காயில் எண்ணெய் தடவி இரண்டு மூன்று இடத்தில் கத்தியால் குத்திவிடுங்கள், இல்லாவிட்டால் வெடிக்கும். நேரடித் தீயில் தோல் கருகி, காய் தொய்ந்து, காம்போரம் நீர் கொப்பளிக்கும் வரை திருப்பித் திருப்பிச் சுட வேண்டும். அப்புறம் ஒரு பாத்திரத்தில் போட்டு மூடி ஐந்து நிமிடம் வைத்தால் தோல் சட்டையைக் கழற்றுவது போல் வந்துவிடும். மசித்து, வறுத்த மிளகாய், உப்பு, சின்ன வெங்காயம், கொஞ்சம் புளி, மேலே பச்சை நல்லெண்ணெய். சிதம்பரம் கொத்சு கொஞ்சம் வேறு, அதில் கத்தரியை மசித்துப் புளி விட்டுக் கொதிக்க வைத்து, வறுத்து அரைத்த மல்லி, கடலைப்பருப்பு, மிளகாய்ப் பொடி போட்டு இறக்குவார்கள். நடராசர் கோயில் சம்பா சாதத்தின் மிளகு வாசத்துக்கு அந்தப் புளிப்பு அவ்வளவு பொருத்தம். செட்டிநாட்டில் கத்தரிக்காய்க் கோசமல்லி, தஞ்சாவூரில் ரசவாங்கி, யாழ்ப்பாணத்தில் தேங்காய்ப் பால் விட்ட பால்கறி என்று இந்தக் காயை வைத்து ஊர் ஊராகச் சுற்றலாம்.

கடைசியாக உங்கள் வீட்டு விஷயம். அம்மாவுக்கு அரிப்பு முழுக்க அடங்கும் வரை கத்தரி வேண்டாம். அடங்கிய பிறகு மருத்துவர் சரி என்றால் ஒரு நாள் பிஞ்சாக இரண்டு துண்டு மட்டும் கொடுத்து, மறுநாள் வரை தோலைக் கவனியுங்கள். புதுக் காய், புது மசாலா எதையும் அதோடு சேர்க்க வேண்டாம், எது காரணம் என்று தெரியாமல் போய்விடும்.

அப்பாவின் பத்தியத்துக்கு, கட்டை விரல் அளவுக்கு மேல் போகாத பிஞ்சாகப் பொறுக்கி வாங்குங்கள். பத்தியத்தில் பொதுவாகப் புளியும் கடுகும் விலக்குவார்கள், சீட்டில் என்ன போட்டிருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். பாசிப்பருப்பை மலர வேகவைத்து, நாலாக அரிந்த பிஞ்சைப் போட்டு மூடாமல் வேகவிடுங்கள், பத்து நிமிடம் பிடிக்காது. மிளகும் சீரகமும் பொடித்துத் தூவி, உப்பு அளவாகப் போட்டு, கறிவேப்பிலையைக் கிள்ளிப் போட்டு இறக்குங்கள். நெய் அனுமதித்திருந்தால் அரை ஸ்பூன். குழைந்த சோற்றில் சூடாகப் பிசைந்து கொடுங்கள்.